மேஸ்திரிக்கு ஆபரேஷன்

என் அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் வைரம் என்று சொன்னால்தான் தெரியும். வைரத்தை அவர் நகைக்கடை ஜன்னலில் பார்த்ததோடு சரி. கண்ணாடி அறுக்கிற கத்தியின் முனையில் கடுகை விடச் சின்னதாக ஒன்று பதித்திருக்கும். அந்தக் கத்தியைப் பேனா மாதிரி எப்போதும் சட்டைப்பையில் செருகியிருப்பார். ஒருமுறை தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது அவசரத்தில் அதை எடுத்துப் போட்டு, தாளை நீளவாக்கில் கிழித்துக் கொடுத்தார். அன்று ஒட்டிய பெயர் இது.

எனக்கு அவர் அத்தான், அவருக்கு நான் கொழுந்தியாள். நான் இரண்டு தெரு தள்ளி ஜன்னல் திரை தைக்கிறேன். அவர் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற ஜன்னலை நான் துணி போட்டு மூடுவேன். "நான் வெளிச்சத்தை விடுறேன், நீ வந்து மறைக்கிறே" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அதுதான். வாரத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடை நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. அதில் கண்ணாடியைப் படுக்க வைத்து, கத்தி முனையை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு இழுப்பார். சர்ரென்று சத்தம் வரும். கீறல் விழுந்த மறு மூச்சில் இரண்டு கையாலும் பிடித்து ஒடித்துவிடுவார். இடையில் ஃபோன் அடித்தாலும் சரி, வாசலில் ஆள் வந்து நின்றாலும் சரி, நிமிர்ந்து பார்க்கமாட்டார். "கீறலைப் போட்டுட்டு விடக்கூடாது, ஆறிடும். அப்புறம் ஒடிச்சா அது இஷ்டத்துக்குப் போகும்" என்று எனக்கு ஒருமுறை விளக்கம் சொன்னார். கண்ணாடிக்கும் புண் ஆறுமா என்று கேட்டுச் சிரித்தேன். ஆறும் என்றார்.

இந்தச் சுறுசுறுப்பெல்லாம் கண்ணாடியோடு சரி. மற்ற எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பார்க்கலாம்." சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால் பார்க்கலாம். கடைப் பலகையில் எழுத்து அழிந்துவிட்டது என்றால் பார்க்கலாம். என் அக்கா குழாய்க்கடியில் வாளியை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து இரண்டு பேரும் டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார்கள். வந்த அன்றே அக்கா எல்லோரையும் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்: "குறை எனக்குத்தான்." அழக்கூட இல்லை. அத்தானுக்கு ஒரு அக்கா உண்டு, என் அக்காவுக்கு நாத்தனார். அந்த அம்மா அன்றைக்கு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். எப்போது வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டு, "என் தம்பிங்கிறதால உன்னை வச்சுக் காப்பாத்துறான். வேற எவனாவதா இருந்தா இந்நேரம்..." என்று இழுப்பார். அக்கா தண்ணீர் கொண்டு வந்து வைப்பாள். அத்தான் மேசையில் குனிந்து, ஏற்கெனவே அளந்த கண்ணாடியை மறுபடி அளந்துகொண்டிருப்பார். கட்டின பெண்டாட்டியை இப்படிக் கிழிக்கிறார்களே, இந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாய் வந்தது அதற்கெல்லாம் வெகு பின்னால். ஒரு மழை நாளில் கண்ணாடி ஏற்றுகிற வேனுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அத்தான் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். வளர வளர அது ஒரு வேலையும் செய்யாமல், கடைவாசலில் முன்னங்கால் மேல் தாடையை வைத்துப் படுத்து, மற்றவர்கள் வேலை செய்வதை மட்டும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் மேஸ்திரி என்று பேர் வைத்தேன். பேர் வைத்தது நான் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். அக்கா அவனைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தாள்.

வயது வந்ததும் மேஸ்திரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்தத் தெருவில் எந்தப் பெண் நாய்க்குப் பருவம் வந்தாலும் இவனுக்குத் தகவல் போய்விடும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவான். இரண்டு நாள் கழித்துக் காது கிழிந்து, கால் நொண்டி, மெயின் ரோட்டு லாரிகளுக்கு நடுவில் தப்பித்து வருவான். அக்கா மஞ்சள் வைத்துக் கட்டுவாள். "இவனைக் காயடிச்சுடலாங்க. ஒரு நாளைக்கு லாரியில அடிபட்டுச் சாகப்போறான்" என்று அத்தானிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பார்க்கலாம்" என்றார் அத்தான். அதோடு நிற்காமல், வழக்கத்துக்கு மாறாக இன்னொன்றும் சொன்னார். "ஒரு தடவையாவது அவன் அப்பனாகட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

சொன்னதோடு விடவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்ற நேரமில்லாத மனிதர், பேக்கரிக்காரர் வீட்டுப் பெண் நாய்க்கும் மேஸ்திரிக்கும் சம்பந்தம் பேசி முடித்தார். குளிப்பாட்டி, தலை வாரி, வேனில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பருவம் போனது, குட்டி இல்லை. அடுத்த பருவமும் போனது. "உங்க மேஸ்திரி மேற்பார்வையோட சரிபோல, வேலை செய்யமாட்டேங்கிறான்" என்று பேக்கரிக்காரர் சொல்ல, அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான். அத்தான் சிரிக்கவில்லை. நாயை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைசியில் அடிபட்டது அக்காதான். காலையில் அவனை நடத்திக் கூட்டிப் போகும்போது எதிர்ச் சாரியில் ஒரு பெண் நாய் போயிருக்கிறது. கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தவளை அவன் இழுத்த இழுப்பில் குப்புற விழுந்து, மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. கட்டுப் போட்ட கையோடு கடை வாசலில் வந்து நின்று, "இப்பவாவது பார்ப்பீங்களா?" என்று கேட்டாள்.

இதற்கு மேல் அவரால் நழுவ முடியவில்லை. அக்காவால் நாயைப் பிடிக்க முடியாது என்பதால் நான் கூடப் போனேன். நாய் டாக்டர் ஒரு இளம்பெண். மேஸ்திரியை மேசையில் நிற்க வைத்து, பின்னங்கால்களுக்கு நடுவே தடவிப் பார்த்தார். பிறகு அடிவயிற்றை வெகு நேரம் அழுத்திப் பார்த்தார்.

"இவனுக்கு ரெண்டு விதையும் கீழ இறங்கவே இல்லையே, கவனிச்சீங்களா?"

"சின்னதுல இருந்தே அப்படித்தான். இறங்கும்னு நினைச்சேன்" என்றார் அத்தான்.

"இனிமே இறங்காது. பிறவியிலேயே சில நாய்க்கு இப்படி வயித்துக்குள்ள தங்கிடும். இவனால குட்டி பிறக்காது. ஆனா ஆசை மட்டும் குறையாது, அதான் ஓடுறான்." டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே தொடர்ந்தார். "ஓடுறது கூட பரவாயில்ல. உள்ளேயே இருக்கிற விதை வயசாக ஆகக் கட்டியா மாறுறதுக்கு வாய்ப்பு அதிகம். திறந்து எடுத்துடறதுதான் நல்லது. இன்னைக்கே வேணும்னு இல்ல, ஆனா தள்ளிப் போடாதீங்க."

அத்தான் நாயின் மடிந்த காதை நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவனுக்குத் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"எது?"

"தன்னால முடியாதுங்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "தெரியாது சார்" என்றார்.

திரும்பி வரும்போது வேனை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு அத்தான் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அக்காகிட்ட இதைச் சொல்ல வேணாம்."

"ஏன்?"

"அவனுக்கு அசிங்கம்."

"நாய்க்கு என்னத்தான் அசிங்கம்? அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு." எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அக்காகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது. நீங்களே உள்ளதைச் சொல்லிடுங்க."

"சரி. நானே சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லியிருப்பார் என்று நான் நம்பினேன். ஆபரேஷன் ஏன் நடக்கவில்லை என்று யோசித்தபோதெல்லாம், இந்த மனுஷன் வழக்கம் போலப் பார்க்கலாம் என்று தள்ளுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அப்போது திரை தைக்கிற வேலை தலைக்கு மேல் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாக ஆர்டர் எடுத்திருந்தேன்.

மறுபடி நான் மேஸ்திரியைச் சரியாகப் பார்த்தபோது அக்காவின் கட்டைப் பிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. கடை வாசலில் நாலைந்து ஆண் நாய்கள் நின்றிருந்தன. அக்கா ஒரு மரச் சட்டத்துண்டை வைத்து அவற்றை விரட்டிக்கொண்டிருந்தாள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேஸ்திரி மேசைக்கடியில் சுருண்டு கிடந்தான். இரண்டு விலாவிலும் முடி உதிர்ந்து தோல் கறுத்திருந்தது. முலைக்காம்புகள் பெண் நாய்க்கு இருப்பது போல வீங்கியிருந்தன. வெளியே நின்ற நாய்கள் இவனைத் தேடித்தான் வந்திருந்தன.

"என்னக்கா இது?"

"தெரியலடி. சொறின்னு மருந்து போட்டேன், கேட்கல. டாக்டர் அன்னைக்கு இவனுக்கு ஒண்ணுமில்ல, ஆபரேஷனே வேணாம்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன் இப்படி ஆகுது?"

"யார் சொன்னா?"

"உங்க அத்தான்தான்."

டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அக்கா சட்டத்துண்டைக் கீழே போட்டாள்.

"ரெண்டுமே உள்ளதான் இருக்கா?"

"ஆமா."

"பிறவியிலேயே?"

"ஆமாக்கா. குட்டி பிறக்க வழியே இல்லன்னாங்க."

அக்கா படியில் உட்கார்ந்து, முகத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நேராகக் கடைக்குள் போனாள். அத்தான் ஒரு படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

"நாயையுமா மூடி வைக்கணும்?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். "நாலு பேரு அவனைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னுதான்..."

"என்னைப் பார்த்துச் சிரிக்கலையா? உங்க அக்கா வாரா வாரம் வந்து என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டலையா?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உங்களுக்காக நான் ஒண்ணை மறைச்சேன். அதுல என் பேருதான் போச்சு, போகட்டும்னு விட்டேன். இவனுக்காக நீங்க மறைச்சதுல இவன் உசிரே போயிடும்போல இருக்கு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு விஷயம் மெல்லத்தான் உறைத்தது. இத்தனை வருஷமாகக் குறை இவரிடம் இருந்திருக்கிறது. அவர் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு அளந்த கண்ணாடியையே அளந்துகொண்டு நின்றிருக்கிறார். மேசை மேல் கிடந்த அளவுகோலை எடுத்து அவர் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

"நீ சும்மா இரு" என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டாள். "அவரு என்கிட்ட கேட்கல. நானாத்தான் சொன்னேன். அன்னைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வரும்போது வண்டியில அவர் மூஞ்சியப் பார்க்க முடியல. என் பேர்லயே இருக்கட்டுங்கன்னேன்."

"அதுக்கு இவரு என்ன சொன்னாரு?"

"பார்க்கலாம்னாரு."

மறுநாள் காலையிலேயே மேஸ்திரியைக் கொண்டு போனோம். கூட்டிப் போனது அத்தான்தான். நாயைத் துணியில் சுற்றி, கண்ணாடி தூக்குகிறவர் கண்ணாடியைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது மூன்று பேரும் ஒன்றாக எழுந்தோம். ஒரு விதை எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியாக ஆகியிருந்ததாம். இரண்டையும் எடுத்தாயிற்று.

"வேற எங்கேயாவது பரவியிருக்கான்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "விலாவுல முடி திரும்ப முளைச்சா நல்ல அறிகுறி. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்."

"முன்னாடியே கொண்டு வந்திருந்தா?" என்று அத்தான் கேட்டார்.

"வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்." டாக்டர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் தீரவில்லை. ஆனாலும் பாவமாக இருந்தது.

அதன் பிறகு மேஸ்திரி மேசைக்கடியில், புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பெரிய பிளாஸ்டிக் வளையத்தோடு, புனல் மாட்டிய விளக்கு போலப் படுத்துக் கிடந்தான். மேற்பார்வை பார்ப்பதில்லை. வேளாவேளைக்கு அக்கா சாதத்தைப் பிசைந்து வாயில் ஊட்டுவாள். தினமும் காலையில் வெளிச்சம் வந்ததும் அவன் விலாவைத் திருப்பி விரலால் தடவிப் பார்ப்பாள். அத்தானோடு வேண்டியதற்கு மட்டும் பேசினாள். அவரும் பார்க்கலாம் என்ற வார்த்தையை விட்டிருந்தார். குழாயைக் கூடச் சரி செய்துவிட்டார், அதை யாரும் பாராட்டவில்லை.

நாத்தனார் வந்தது அப்படி ஒரு காலையில். நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து நாய்க்குப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அத்தான் ஒரு பெரிய அலமாரிக் கண்ணாடியை மேசையில் போட்டு அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்.

"நாய்க்கு ஆபரேஷனாம், அதுக்கு ரெண்டு ஆளு சேவகமாம். வயித்துல ஒண்ணு தங்கியிருந்தா இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? எல்லாம் என் தம்பி தலையெழுத்து."

அக்கா பஞ்சை மருந்தில் நனைத்தாள். மேசையிலிருந்து சர்ரென்று கீறல் சத்தம் வந்தது. அடுத்து ஒடிக்கிற சத்தம் வரவேண்டும். வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் கத்தியை மேசை மேல் வைத்துவிட்டுத் தன் அக்காளுக்கு எதிரே வந்து நின்றிருந்தார்.

"குறை அவளுக்கு இல்லக்கா. எனக்கு."

"என்னடா உளர்றே?"

"அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாங்க, என்னாலதான் குழந்தை பிறக்காதுன்னு. என் மேல பேச்சு வரக்கூடாதுன்னு இவ தன் மேல போட்டுக்கிட்டா. நீ பேசினப்பல்லாம் நான் கேட்டுக்கிட்டு நின்னேன்." "இனிமே அவளை ஒண்ணும் சொல்லாதே."

நாத்தனார் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாயையும் பார்த்தார். சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது தெரிந்தது. "இப்ப எதுக்குடா இதெல்லாம்..." என்று முனகிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்காவைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் மேசைக்குத் திரும்பினார். கண்ணாடியைப் பிடித்து ஒடித்தார். கீறலோடு கொஞ்ச தூரம் போன பிளவு, நடுவில் திரும்பி, குறுக்கே ஓடி ஓரத்தில் முடிந்தது. அவர் கையால் இப்படி ஒரு கண்ணாடி வீணானதை நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையிலும் இரண்டு துண்டோடு அப்படியே நின்றார்.

அக்கா தரையிலிருந்து எழாமலே கேட்டாள். "இந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கு, ஒரு நாய் சாகக் கிடக்கணுமாங்க உங்களுக்கு?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். விலாவில் விரலை வைத்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினாள். "இந்த இடத்துல ஏதோ குத்துற மாதிரி இல்ல? முடியான்னு பாரேன்" என்று என் கையைப் பிடித்து வைத்தாள்.

தடவிப் பார்த்தேன். ஆமாக்கா, முளைக்குது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த வீட்டில் பாவம் பார்த்து மறைத்ததெல்லாம் போதும் என்று அதை விழுங்கினேன்.

"இல்லக்கா. இன்னும் ஒண்ணும் தெரியல."

அக்கா தலையை ஆட்டினாள். அத்தான் துண்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, எங்கள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். மேஸ்திரி வளையத்தோடு தலையைத் தூக்கி அவர் முழங்காலில் இடித்து வைத்துக்கொண்டான்.